நாச்சிமுத்துவின் நெகட்டிவ்

கொளிஞ்சிப்பாளையத்துச் சாயப்பட்டறை முதலாளி தெய்வசிகாமணி, பனியன் ஆர்டர் பிடிக்க ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும்போது அங்கே ஏதோ ஒரு பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கிவந்த மோட்டார் கேமராதான் அந்த ஊர்க்காரர்களின் கோபத்தையெல்லாம் உறிஞ்சியது என்பதும், அது முதன்முதலில் உறிஞ்சிய கோபம் அம்சவேணியின் புருஷன் நாச்சிமுத்துவுடையது என்பதும் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கொடுமை.

கேமரா என்றதும் கல்யாண வீட்டில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்களே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது செங்கல்லைப் போலக் கனத்த ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் மோட்டார், அதற்குள் பேட்டரி. படம் பிடிப்பவன் மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பெட்டிக்குள் பார்க்கவேண்டும். பொத்தானை அமுக்கினால் ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும், அது அடங்குவதற்குள் ‘ஙொய்ங்’ என்று மோட்டார் ஓடி, கை வைக்காமலே பிலிமை அடுத்த படத்துக்கு இழுத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைதான், ஆனால் படம் சதுரமாக, மூஞ்சியில் இருக்கும் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிகிற மாதிரி விழும்.

துணி வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனி, வேலை செய்கிற எல்லோர் கழுத்திலும் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கவேண்டும் என்று சொல்லிவிட்டதாம். முதலாளி தன் புதுக் கேமராவைக் கடைவீதி ஸ்டூடியோக்காரர் ஜோதிலிங்கத்திடம் கொடுத்து, பட்டறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டி, ஆளாளுக்கு உட்காரச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே பெருமை. ஜோதிலிங்கம் தலை குனிந்து பெட்டிக்குள் பார்ப்பது, உட்கார்ந்திருப்பவரைக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்கு முன்னால் ஒருத்தர் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

நாச்சிமுத்து அந்த நேரத்தில் சூப்பர்வைசர் சென்னியப்பனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சாயக்கழிவு தேங்குகிற தொட்டியில் சேறு ஏறிவிட்டது, இறங்கி அள்ளு என்று சென்னியப்பன் சொல்ல, இடுப்புக்குக் கயிறும் மூஞ்சிக்கு மாட்டுகிற மூடியும் கொடுத்தால்தான் இறங்குவேன் என்று இவன் நிற்க, ரெண்டு பேருக்கும் சட்டைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. “மொதல்ல போயி படத்துக்கு உக்காருடா, அப்பறமா வந்து கத்து” என்று சென்னியப்பன் தள்ளிவிட்டான். நாச்சிமுத்து கத்திக்கொண்டேதான் முக்காலியில் உட்கார்ந்தான். ‘டொப்’, ‘ஙொய்ங்’. மோட்டார் பிலிமை இழுத்தபோது அவன் நெஞ்சுக்குள்ளிருந்தும் ஏதோ ஒன்று இழுபட்டு, அந்தச் சதுரத்துக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டது. பாதி திறந்த வாயை மூடினான். எழுந்து நின்றான். சென்னியப்பனைப் பார்த்து, “செரிங்க” என்றான்.

அன்றைக்கு மழை வந்து வேலை நின்றுபோனதால் தொட்டியில் இறங்கவேண்டி வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனுக்கு அம்சவேணி சோறு போட்டாள். அவள் தேங்காய்க் களத்தில் ஓட்டிலிருந்து பருப்பு நெம்புகிற வேலைக்குப் போகிறவள், வந்து அவசரத்தில் வைத்த குழம்பில் உப்பே போடவில்லை. நாச்சிமுத்து என்றால் அதைச் சும்மா விடுகிறவனா? ரேடியோவில் விலைவாசி சொன்னால் ரேடியோவோடு சண்டைக்குப் போகிறவன், பஸ் நிற்காமல் போனால் அடுத்த ஊர்வரைக்கும் நடந்தே போய் டிரைவரைப் பிடித்துக் கேட்டுவிட்டு வருகிறவன். அவன் அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

“ஏனுங்க மாமா, உப்பு?” என்றாள் இவள்.

“பரவால்ல அம்முணி. ஒரு நாளைக்கு இல்லீன்னா என்ன இப்போ?”

அம்சவேணி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

முதலில் பட்டறைதான் அமைதியானது. அட்டை மாட்டியவர்களெல்லாம் சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்தார்கள். கக்கூஸைப் பூட்டி வைத்தால் திறக்கிறவரை காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் வந்தார்கள். சூப்பர்வைசர்களுக்கும் அட்டை உண்டு என்பதால் சென்னியப்பனும் முக்காலியில் உட்கார்ந்தவன்தான், அவனும் இப்போது யாரையும் ‘டா’ போடுவதில்லை. முதலாளிக்கு இது எப்படி நடந்தது என்று யோசிக்கிற வேலையெல்லாம் இல்லை. நடந்தது, அவ்வளவுதான், மழை பெய்தால் ஏன் பெய்தது என்று கேட்பவரா அவர்? கேமராவை ஜோதிலிங்கத்தின் ஸ்டூடியோவிலேயே வைத்து, பிலிமையும் வாங்கிக் கொடுத்து, ஊரில் யார் வந்தாலும் சும்மா படம் எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டார். பெரிய மனசு என்றார்கள். ஆமாம், பெரிய மனசுதான், எருமை முழுசாக உள்ளே போகிற அளவுக்கு.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்கிறீர்கள்? தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். புருஷனைப் பெண்டாட்டி கூட்டிவந்தாள், பெண்டாட்டியைப் புருஷன் கூட்டிவந்தான், வாத்தியார் வகுப்போடு வந்தார், வரப்புத் தகராறில் அரிவாள் எடுத்த அண்ணன் தம்பிகள் ஒரே முக்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து, ஒரே படத்தில் கோபத்தைக் கொடுத்துவிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். பொய் சொல்வானேன், அம்சவேணியும் தன் மாமியார் ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு போனாள். ராமாத்தாள் வாய் என்றால் ரேஷன் கடையில் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் கோழி ஓடும். “படம் புடிச்சா அழகா இருப்பீங்க அத்தை” என்று சொல்லி உட்காரவைத்தாள். திரும்பி வரும் வழியில் கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்ல புள்ள கண்ணு” என்றாள். அந்த ஒரு வாரம் அம்சவேணி நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அப்புறம் பார்த்தால் டீக்கடை வெள்ளியங்கிரி டீயில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனான். கடைசியில் சுடுதண்ணீரை ஆற்றிக் கொடுத்தான், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். ரேஷன் அரிசியில் கல் இருந்தால் கல்லைப் பொறுக்கி வாசலில் கோலத்துக்கு ஓரமாக வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் திங்கட்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை நீலமாகவும் ஓடியது, பெண்கள் கரையில் நின்று, இன்றைக்கு நீலம் நல்ல நீலம் என்று பேசிக்கொண்டார்கள். மாகாளியம்மன் நோம்பி வந்தது. அடிக்கிற அடியில் உடுக்கை கிழிந்ததே தவிர, வழக்கமாகச் சாமியாடுகிற பழனியப்பனுக்கு அருள் வரவில்லை. கோபமில்லாத உடம்பில் காளி எப்படி இறங்குவாள்? வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிரித்தபடி நின்றான், ஊரும் சிரித்தபடி நின்றது, அப்புறம் எல்லோரும் பொங்கல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சாமி வராத நோம்பியா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

நோம்பி முடிந்த வாரத்தில்தான் அது நடந்தது.

தொட்டியில் சேறு மறுபடியும் ஏறியிருந்தது. முதலாளி போனில் சொன்னார், சென்னியப்பன் வந்து, “எறங்குங்க நாச்சிமுத்து” என்றான். கயிறு இல்லை, மூடி இல்லை. நாச்சிமுத்து, “செரிங்க” என்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு இறங்கினான். உள்ளே போனவன் ரெண்டு தரம் இருமிய சத்தம் கேட்டதாம். மேலே நின்றவர்கள் காத்திருந்தார்கள், ஒருத்தரும் பதறவில்லை, பதறுவதற்கும் கொஞ்சம் கோபம் வேண்டுமல்லவா? கோபமில்லாத ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கொலையை எவ்வளவு மரியாதையாகச் செய்து முடித்தார்கள் பாருங்கள்.

அம்சவேணி களத்திலிருந்து ஓடிவந்தபோது அவனைப் பட்டறை வாசலில், போட்டோ எடுத்த அதே இடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்தன, மனுஷர்கள் எழவில்லை. “ஏண்டா, ஒருத்தனுக்குமா கேக்கத் தோணல? அவரு எறங்கறப்ப ஒருத்தன் கையப் புடிச்சு நிறுத்தலையாடா, எடுபட்ட பயலுகளா!” என்று மண்ணை வாரி வீசினாள். மண் விழுந்தவர்கள் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாவம் அம்சவேணி என்றார்கள். ராமாத்தாள் பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, உங்க பையனைக் கொன்னுட்டாங்க அத்தை! ஏதாச்சும் சொல்லுங்க! அன்னைக்கு ஒரு கோழி காணாமப் போனதுக்கு மூணு தெருவ நாறடிச்சீங்களே!”

“என்ன கண்ணு பண்றது? எழுதுனது அவ்வளவுதான்” என்றாள் கிழவி. கண்ணில் தண்ணீர் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது, அது எதற்கு ஒழுகுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் அம்சவேணி நடந்த தெருவெல்லாம் ஆட்கள் அன்பாக எதிரே வந்தார்கள். அந்த அன்பைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. “உனக்கு மட்டும் ஏன் அம்முணி இந்தக் கஷ்டம்? சித்தெ ஸ்டூடியோவுக்குப் போயி ஒரு படம் எடுத்துக்க, செரியாப் போயிரும்” என்றான் வெள்ளியங்கிரி. பூசாரி சொன்னார், வாத்தியார் சொன்னார், ராமாத்தாளே தலையைத் தடவிச் சொன்னாள். ஊரில் கோபம் மிச்சமிருக்கிற ஆட்கள் இவளும் முதலாளியும்தான். ஜோதிலிங்கம் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கோபத்துக்குப் பதில் பயம் இருந்தது. இவள் மட்டும் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டால், நாச்சிமுத்து என்று ஒருத்தன் செத்ததைக் கேட்க இந்தப் பூமியில் ஆளில்லை. அதை அவள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அதனால் தினமும் காலையில் எழுந்து, பல் விளக்குகிற மாதிரி, முதல் வேலையாகக் கோபப்பட்டாள்.

கோட்டாட்சியர் விசாரணைக்கு வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். பட்டறை தரப்பில், குடித்துவிட்டு அவனாகவே போய் விழுந்தான் என்று எழுதிக்கொடுத்தாகிவிட்டது. கூட நின்ற ஆட்களை ஒவ்வொருவராக அம்சவேணி போய்க் கேட்டாள். “அவரு குடிச்சிருந்தாராண்ணா?” “இல்லீங் அம்முணி.” “அப்படீன்னா அதை வந்து சொல்லுவீங்களா?” “அவங்க அப்படிச் சொல்லச் சொல்றாங்க, நீ இப்படிச் சொல்லச் சொல்ற. ரெண்டு பேரு மனசும் நோகக் கூடாதுல்ல?” என்று சிரித்தார்கள். நல்லவர்கள். தூ! நல்லவர்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. இவர்களிடம் இல்லாதது எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? நாச்சிமுத்து தொட்டியில் இறங்கமாட்டேன் என்று சொன்ன அந்தக் கோபம், அவனோடு சாகவில்லை. அவன் சாவதற்கு முன்னாலேயே அது வேறிடம் போய்விட்டது. இறங்கமாட்டேன் என்கிற அந்த வார்த்தை ஒரு சதுரமான பிலிமில் இன்னும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு வேண்டும் என்று அவள் நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள்.

ஜோதிலிங்கம் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். இருட்டறைக் கதவு மூடியிருந்தும் உள்ளேயிருந்து அடுப்படி மாதிரி அனல் அடித்தது.

“என்ற மாமனோட நெகட்டிவைக் குடுங்கண்ணா.”

“படம் வேணா இன்னொன்னு போட்டுத் தர்றேன் அம்முணி. நெகட்டிவ் குடுக்கறதில்லை. அது ஸ்டூடியோவோட சொத்து. எந்த ஊர் ஸ்டூடியோவுல வேணா போயிக் கேளு, படம் உங்களுது, நெகட்டிவ் எங்களுது. எங்கப்பா காலத்துலருந்து அதுதான் மொறை.”

“மொறையா? ஒரு ஊரையே பொணமாக்கிப் போட்டுட்டு உங்களுக்கு மொறை வேற கேக்குதா?”

“நான் என்ன பண்ணட்டும்? பொத்தானத்தான் நான் அமுக்குனேன், இழுத்தது மோட்டாரு.”

இந்தப் பேச்சைக் கேட்டதும் அம்சவேணிக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, ஆளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே அலமாரியில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. சுற்றி ஒரு பல்லி கிடையாது, ஒரு கொசு கிடையாது; டின் தகடு சூட்டில் நிறம் மாறியிருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினாள். மூடி ‘கிடுகிடு’ என்று ஆடியது. ஜோதிலிங்கம் வாசல்வரை ஓடிவந்தார், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார்.

விசாரணை சமுதாயக் கூடத்தில். காலையிலேயே ஊர் முழுக்க வாசலில் வந்து நின்றது, கூப்பிட்டால் வருவதுதான் இப்போது அவர்கள் குணம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்சவேணி சுவர் நிழலில் டின்னைத் திறந்து வைத்து, வெயில் படாமல் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள், நாச்சிமுத்துவைத் தேடினாள். நெகட்டிவில் மூஞ்சியெல்லாம் கறுப்பு, தலைமயிர் வெள்ளை, கண் இருக்கிற இடத்தில் ரெண்டு வெள்ளைப் புள்ளி. பட்டறைச் சட்டை போட்ட அத்தனை ஆண்பிள்ளையும் ஒன்றுபோல இருந்தார்கள். கட்டின புருஷனைக் கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில் அவள் பார்த்ததையே திரும்பத் திரும்பப் புரட்டினாள். உள்ளே கோட்டாட்சியர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னார்கள், நேரமில்லை. இருட்டுக்குள் அடைத்ததை வெயில்தானே வெளியே விடும் என்று, வரிசையில் நின்றவர்கள் கையில் வந்தது வந்தபடி ஒவ்வொன்றாகக் கொடுத்து, “சூரியனுக்கு நேராத் தூக்கிப் பாருங்க” என்றாள்.

இங்கேதான் இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமுடியாத தப்பு நடந்தது. வேறு ஊராக இருந்தால், இது நான் இல்லை, என் படத்தைக் கொடு என்று டின்னைப் பிடுங்கிச் சண்டை போட்டிருப்பார்கள். இவர்களுக்குத்தான் கோபம் கிடையாதே, அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சந்தோஷம் என்று சொல்லி, யார் படத்தையோ தன் படமென்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். பார்த்த கண் வழியாக யாருடைய கோபமோ யாருக்குள்ளோ இறங்கியது. அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி எல்லோரும் தோளைக் குலுக்கினார்கள். டின்னில் கடைசியாகக் கிடந்ததை அம்சவேணி தனக்கென்று எடுத்து, “மாமா, இது நீங்கதானே” என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். பார்த்ததும் படிக்கட்டில் நிற்பவர்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. டவுன் பஸ் கண்டக்டரின் கோபம் அது. டின்னைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

உள்ளே நடந்ததை எங்கே போய்ச் சொல்ல. சாட்சி சொல்லக் கூப்பிட்டதும் பூசாரி எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியோடு, “கக்கூஸை மத்தியானம் வரைக்கும் ஏண்டா பூட்டறீங்க? உங்க வூட்டுப் பொம்பளைகளா இருந்தா பூட்டுவீங்களா?” என்று பட்டறையில் துணி அலசுகிற ஏதோ ஒரு பெண்ணின் கோபத்தோடு மேசையைக் குத்தினார். வாத்தியார் டீக்கடைக்காரன் கோபத்தோடு, எச்சில் கிளாஸைப் பெஞ்சு மேலே வைக்காதீர்கள் என்று கோட்டாட்சியரின் டவாலிச் சேவகரிடம் பாய்ந்தார். வெள்ளியங்கிரிக்கு ராமாத்தாளின் வாய் வந்திருந்தது. காணாமல் போன கோழியைத் தின்றவன் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கு அவன் திட்டத் தொடங்க, டைப் அடிக்கிறவர் எதை அடிப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கிவிட்டார். ராமாத்தாளுக்கோ பழனியப்பனின் கோபம் வந்திருந்தது, நோம்பியில் வராத காளி அங்கே வந்தாள். கிழவி முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் ஓட்டுக்கூரையிலிருந்து தூசி கொட்டியது.

முதலாளி தெய்வசிகாமணி முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். “பாத்தீங்களா சார், பைத்தியக்கார ஊரு. இவங்களை வெச்சுத்தான் நான் பொழப்பு நடத்தறேன்.”

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். அம்சவேணிக்கு உலகமே இருண்டது. கோபம் வந்தும் என்ன பிரயோஜனம்? ஊரே கத்துகிறது, அவள் புருஷனுக்காக ஒரு குரல் இல்லை. அவன் கோபம் எவனிடம் போய் மாட்டிக்கொண்டதோ, எந்த வரப்புத் தகராறுக்குள் போய் வீணாகிறதோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அப்போது சுவரோரமாக நின்றிருந்த சென்னியப்பன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். “நான் எறங்கமாட்டேன்” என்றான்.

டைப் அடிக்கிறவர் தூக்கிய கையை இறக்கினார்.

“எறங்கமாட்டேன்னா எறங்கமாட்டேன். இடுப்புக்குக் கயிறு எங்க? மூஞ்சிக்கு மாட்டறது எங்க? கேட்டா ஆபீஸ்ல இருக்குது, வருதுங்கறீங்க. உள்ள எறங்கி நின்னு பாத்திருக்கீங்களா ஒருத்தராச்சும்? மூச்சு இழுத்தா நெஞ்சுக்குள்ள மொளகாப் பொடிய அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். நான் என்ன பொணமா, இல்ல பொணமாயிட்டு வரட்டுமா? என்ற பொண்டாட்டி அங்க காத்துக்கிட்டு இருப்பாடா!”

கோட்டாட்சியர் பேனாவை மறுபடியும் திறந்தார். “உங்களை யார் இறங்கச் சொன்னது?”

“இதா, இந்த நாய்தான்! இந்தச் சென்னியப்பன்தான்!” என்று சென்னியப்பன் தன் மார்பிலேயே அறைந்தான். தன் சட்டைக் காலரைத் தானே பிடித்து உலுக்கினான். “நேத்திக்கும் சொன்னான், இன்னிக்கும் சொல்றான். மொதலாளி சொல்லீட்டாரு எறங்கு, மொதலாளி சொல்லீட்டாரு எறங்குங்கறான். உனக்கு அறிவு எங்கடா போச்சு சென்னியப்பா? கயிறு வேண்டாம், வேலை நின்னு போகும்னு அந்த ஆளு போன்ல சொன்னப்ப, செரிங்கன்னுட்டு வந்தவன்தானடா நீ!”

முதலாளி எழுந்தார். “கேமராவை எடுத்துட்டு வா! ஜோதிலிங்கம்! இவனை ஒரு படம் புடி, சீக்கிரம்!” என்று கத்தினார். ஊர் அப்படியே திரும்பி அவரைப் பார்த்தது. கோழிக்கும் கிளாஸுக்கும் கக்கூஸுக்கும் கத்திக்கொண்டிருந்த அத்தனை வாயும் மூடி, அத்தனை கோபமும் ஒரே பக்கம் திரும்பியது. அவர் சொன்னதைக் கேட்டபிறகு யாருடைய கோபம் யாரிடம் இருந்தால் என்ன? ஜோதிலிங்கம் வாசலில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. டைப்படிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சென்னியப்பன் சொன்னதற்குக் கீழே சென்னியப்பனே கையெழுத்துப் போட்டான். அம்சவேணி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு, கயிறு எங்கே என்று கேட்ட அந்தக் குரலை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் சென்னியப்பனுடையதுதான். கோபம் அவளுடையவனுடையது.

முதலாளி மேலும் சென்னியப்பன் மேலும் கேஸ் பதிவானது, ரெண்டு பேரும் உள்ளே போய் ஜாமீனில் வந்தார்கள், கேஸ் நடக்கிறது. கேமராவைச் சான்றுப்பொருள் என்று எடுத்துப் போனார்கள். ஊரில் கோபங்களை மாற்றிக்கொள்ளும் வேலை மழைக்காலம் முழுக்க நடந்தது. ஒருத்தர் வைத்திருக்கும் நெகட்டிவை இன்னொருத்தர் வெயிலில் பார்த்துவிட்டால் கோபம் பார்த்தவரிடம் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். பூசாரி அந்தத் துணி அலசுகிற பெண்ணைக் கண்டுபிடித்துக் கோபத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, உன் கோபம் நியாயமான கோபம் தாயி என்று கும்பிட்டுக் கொடுத்தாராம். வெள்ளியங்கிரி ராமாத்தாளின் வாயைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் தயங்கினான், வியாபாரத்துக்கு உதவுகிறது என்றான். கிடைத்த அன்றைக்கு ராமாத்தாள் பட்டறை வாசலுக்குப் போய் நின்று, மகன் செத்த நாளிலிருந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் மாசக்கணக்குக்கும் சேர்த்துச் சொன்னாள். மருமகள் பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில், அம்சவேணி தேங்காய்க் களத்தில் காய்ந்த பருப்பை ஓட்டிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். தாடி வளர்ந்து கிடந்தது. கண்ணாடியைப் பார்த்தால் தன்னையே அடிக்கப் போகிறானாம், அதனால் சவரம் செய்துகொள்ள முடிவதில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த சதுரத்தை எடுத்தான்.

“அம்முணி, ஒருக்கா பாத்துரு. ஒரே ஒருக்கா. உன்ற வூட்டுக்காரரு கோபம். அது உங்கிட்ட இருக்கறதுதானே நாயம்?”

அவள் கை தானாக நீண்டது. எத்தனை நாள் ஏங்கினாள். வீட்டில் இருப்பது கல்யாணப் படம் ஒன்றுதான், அதில் சிரிக்கச் சொன்னார்கள் என்பதற்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், அது அவன் இல்லவே இல்லை. இதில்தான் அவன் இருக்கிறான், வாயைப் பாதி திறந்துகொண்டு. பார்த்துவிட்டால் போதும், அவன் அவளுக்குள்ளேயே வந்துவிடுவான், சாகிறவரைக்கும் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று உள்ளே இருந்து சண்டை போட்டுக்கொண்டே இருப்பான். இதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்? கையை முந்தானையில் துடைத்தாள்.

“உங்களை ரொம்பத் திட்டறாருங்களா?” என்றாள்.

“தூங்கவே வுடறதில்ல அம்முணி. கண்ண மூடுனா, கயிறு எங்கடாங்கறாரு. சாப்பாட்டுல கை வெச்சா, நான் எறங்கமாட்டேன்னு சொன்னனே, உன்ற காதுல வுழுகலையாடாங்கறாரு.”

“அப்பறம்?”

“அப்பறம்… உன்ற புள்ளைய எறக்குவியாடா அதுல, அப்படீன்னாரு நேத்து. என்ற பையன் பக்கத்துல படுத்திருந்தான்.”

“அப்பறம் என்ன சொன்னாரு?”

வெளியூர் போனவனிடமிருந்து வந்த சேதியைக் கேட்கிற மாதிரி அவள் கேட்டாள். அவன் அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்து, காகிதத்தைப் பிரித்து, சதுரத்தை வெயிலுக்கு நேராக அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். அம்சவேணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“வேண்டாங்க. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“நான் செத்துருவேன் அம்முணி!”

“சாவமாட்டீங்க. அவரு வுடமாட்டாரு. கோர்ட்டுல கடைசி வாய்தா வரைக்கும் நின்னு சொல்லீட்டுத்தான் நீங்க சாவோணும்.” கண்ணைத் திறக்காமலே கையால் துழாவி அடுத்த தேங்காய் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “மாசம் ஒருக்கா இங்க வாங்க. வந்து, அவரு என்ன சொன்னாருன்னு எனக்குச் சொல்லீட்டுப் போங்க. இப்பப் போங்க. போயி அவரு பேச்சைக் கேளுங்க.”